தாழ்த்திய காருக்கு எந்த ரயர், எந்த ரிம்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

வாகன இறக்குமதி 2020 இல் நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில் மீண்டும் அனுமதிக்கப்படும்வரை, கையில் இருந்த பழைய கார்களையே திருத்தியும் அழகுபடுத்தியும் ஓடும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் வலுத்துவிட்டது. இம்முறை வந்த கடிதங்களிற் பல அதையொட்டியவை. முதற் கேள்விக்கு நீண்ட விடை தேவைப்படுகிறது. அதற்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என்னிடம் ஹொண்டா சிவிக் ஈ.கே. 3 கார் இருக்கிறது. கதவுத் தூணில் உள்ள தகட்டில் ரயர் அளவு 185/65 ஆர் 14 என்று இருக்கிறது. சென்ற ஆண்டு குட்டையான ஸ்பிரிங் போட்டுக் காரை ஏறத்தாழ 40 மி.மீ. தாழ்த்தினேன். இப்போது அலோய் ரிம் வாங்க விரும்புகிறேன். ஒரு கடையில், கார் பதிவாக இருப்பதால் 15 அங்குல ரிம்மில் 195/50 ரயர் போடச் சொன்னார்கள். இன்னொரு கடையில் 17 அங்குலத்துக்கே போகலாம் என்றார்கள். ரிம் மட்காட்டின் விளிம்புவரை வெளியே வந்தால்தான் அழகு என்பது நண்பர்களின் கருத்து. பழைய ரயரே ஸ்ரேரிங்கை முழுவதும் திருப்பும்போது இடது பக்கம் இலேசாக உரசுகிறது. நான் எதைத் தெரிவு செய்ய வேண்டும்?
– வாசகர், கொக்குவில்

பதில்: நீங்கள் கடைசியாகக் குறிப்பிட்ட உரசலை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நிறுவனம் கொடுத்த அளவிலுள்ள ரயர் ஒரு பக்கத்தில் மட்டும் உரசுகிறது என்றால் அது ரயர் அளவால் வந்த குறை அல்ல. அளவுதான் காரணம் என்றால் இரு பக்கமும் உரசியிருக்கும். இடது ஸ்பிரிங் அதன் இருக்கையிற் சரியாக அமராமல் இருக்கலாம். மட்காட்டின் உட்புறப் பிளாஸ்ரிக் தட்டு கிளிப் கழன்று தொங்கலாம். முன்னொரு நாள் குழியில் அடிபட்டு, சில்லைக் காரின் உடலோடு இணைக்கும் இரும்புக் கைகளில் ஏதேனும் ஒன்று வளைந்திருக்கலாம். சமதரையில் காரை நிறுத்தி, நான்கு சில்லுகளிலும் சில்லின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்புவரை உள்ள உயரத்தை அளந்து பாருங்கள். இடத்துக்கும் வலத்துக்கும் 10 மி.மீ. அளவுக்கு வேறுபாடு இருந்தால், புதிய ரிம்முக்கு வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை முதலில் அங்கே செலவிடுங்கள். அந்த ஸ்பிரிங் வெட்டப்பட்டதாகவோ சூடாக்கி அமுக்கப்பட்டதாகவோ இருந்தால் அதை மாற்றிவிடுங்கள். சூடாக்கிய ஸ்பிரிங்கின் உருக்கு அதன் பதத்தை இழந்துவிடுகிறது. வெட்டிய ஸ்பிரிங்கோ, ஜக்கில் தூக்கிச் சில்லு தொங்கும் நேரத்தில் இருக்கையை விட்டு விலகக்கூடியது.

அடுத்து அளவு. கடைக்காரரும் நண்பர்களும் ரிம்மிலிருந்து கணக்கைத் தொடங்கியிருக்கிறார்கள். ரயரின் வெளி விட்டத்திலிருந்து தொடங்குவதே சரி, ஏனெனில் காரின் கியர் விகிதம், வேகமானி, பிறேக், மட்காட்டின் உள்ளிடம் ஆகிய அனைத்தும் அந்த விட்டத்தை வைத்தே அமைக்கப்பட்டிருக்கின்றன. 185/65 ஆர் 14 என்பதில் 185 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 வீதம் என்பதைக் குறிக்கிறது. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 185 இன் 65 வீதம் 120 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சுவர்கள் 240.5 மி.மீ.; 14 அங்குலம் 355.6 மி.மீ.; கூட்டினால் 596 மி.மீ. இந்த 596 ஐ ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இதே கணக்கில் 195/55 ஆர் 15 ரயருக்கு 595.5 மி.மீ. வருகிறது. 205/45 ஆர் 16 க்கு 591; 205/40 ஆர் 17 க்கு ஏறத்தாழ 596. மூன்றுமே மூல அளவை விட்டு ஒரு வீதத்துக்கு மேல் விலகவில்லை. முதற் கடையில் சொன்ன 195/50 ஆர் 15 க்கோ 576 மி.மீ. மட்டுமே. விட்டத்தில் 20 மி.மீ. குறைந்தால் கார் நிலத்தை நோக்கி இன்னும் 10 மி.மீ. இறங்கும். ஏற்கெனவே 40 மி.மீ. இறக்கிய காரின் எண்ணெய்த் தொட்டியும் புகைக்குழாயும் வேகத்தடையில் இடிபடுவதற்கு அந்த 10 மி.மீ. போதும். வேகமானி 60 காட்டும்போது கார் உண்மையில் 58 இல் ஓடும்; இயந்திரம் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் கூடுதலாகச் சுழலும். மட்காட்டுக்குள் இடம் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இடத்தை ரிம்மின் அகலத்தையும், சில்லு எவ்வளவு உள்ளே தள்ளி அமர்கிறது என்னும் உட்தள்ளலையும் சரியாகத் தெரிவுசெய்தே பெறலாம் என்னும்போது, விட்டத்தைப் பலி கொடுக்க எந்தத் தேவையும் இல்லை.

விட்டம் மாறாத மூன்றில் எதை எடுப்பது? இங்கேதான் தாழ்த்திய காரின் தன்மையை விளங்கிக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங் 40 மி.மீ. குட்டையானபோது, குழியில் விழும் சில்லு மேலே போய்வருவதற்கு இருந்த தூரத்திலும் ஏறத்தாழ அதே அளவு போய்விட்டது. சில்லு விரைவிலேயே பம்ப் ஸ்ரொப் என்னும் ரப்பரில் முட்டுகிறது. அதன்பின் அந்த அடியைத் தாங்க எஞ்சியிருப்பது ரயரின் பக்கச்சுவர் மட்டுமே. சுவரும் மடங்கி முடிந்தால் அடி நேரே ரிம்மில் விழும். உயரம் குறைத்த காருக்கு மெல்லிய ரயரே பொருத்தம் என்று எண்ணுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அசைவைக் குறைத்த காருக்குத்தான் பக்கச்சுவர் முன்னைவிட அதிகம் தேவைப்படுகிறது. உங்கள் பழைய ரயரின் சுவர் 120 மி.மீ.; 15 அங்குலத்தில் அது 107 ஆகும்; 16 இல் 92; 17 இல் 82. காங்கேசன்துறை வீதியில் மட்டும் ஓடும் காருக்கு 92 உம் தாங்கலாம். கொக்குவிலின் ஒழுங்கைகளிலும், மாரியில் வெள்ளம் நின்று குழி எது தார் எது என்று தெரியாத உள்வீதிகளிலும், புகையிரதக் கடவைகளின் மேடுகளிலும் நாள்தோறும் ஏறி இறங்கும் காருக்கு 107 க்குக் கீழே போக நான் சம்மதிக்க மாட்டேன். ஆகவே உங்களுக்கு என் விடை 195/55 ஆர் 15.

பாரம் தாங்கும் எண்ணையும் பாருங்கள். அளவுக்குப் பின்னால் உள்ள இரண்டு இலக்கங்களே அது. 185/65 ஆர் 14 ரயரில் வழக்கமாக 86 இருக்கும். அது 530 கிலோ. 195/55 ஆர் 15 இல் 85, அதாவது 515 கிலோ. 205/40 ஆர் 17 இன் சாதாரண வகையில் அது 80 க்கு இறங்கி 450 கிலோ ஆகிவிடுகிறது. மூல எண்ணுக்குக் குறையாமல் வாங்குவதே சிறந்தது. 195/55 ஆர் 15 இல் எக்ஸ்.எல். என்று குறிக்கப்பட்ட வலுவூட்டிய வகை 89 உடன் வருகிறது. அது 580 கிலோ தாங்கும். கிடைத்தால் அதையே எடுங்கள். கிடைக்காமல் 85 ஐ வாங்க நேர்ந்தால், தகட்டில் உள்ள அமுக்கத்துக்குக் குறையாமல் காற்று வைத்து, வீட்டாரும் சாமான்களுமாக நெடுந்தூரம் போகும்போது ரயர் குளிர்ந்திருக்கையில் 2 அல்லது 3 பி.எஸ்.ஐ. கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது ரிம். அதன் உட்புறத்தில் அகலமும் உட்தள்ளலும் பொறிக்கப்பட்டிருக்கும். 5.5 ஜே என்பது 5.5 அங்குல அகலம். இ.ரி. என்பதே உட்தள்ளல். இ.ரி. 45 என்பது, ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அச்சுமுகத்தில் (காரில் ரிம் பூட்டப்படும் இரும்பு முகத்தில்) பொருந்தும் முகம் 45 மி.மீ. வெளிப்பக்கமாக இருக்கிறது என்று பொருள். இந்த எண் குறையக் குறையச் சில்லு வெளியே வரும். உங்கள் பழைய ரிம் 5.5 ஜே, இ.ரி. 45 என்று வைத்துக்கொள்வோம். 6.5 ஜே, இ.ரி. 45 வாங்கினால் அகலத்தில் கூடிய ஓர் அங்குலம் இரு பக்கமும் பிரிந்து, உள்ளே 12.7 மி.மீ., வெளியே 12.7 மி.மீ. வரும். நண்பர்கள் விரும்புவதுபோல 7 ஜே, இ.ரி. 25 வாங்கினால், அகலத்தால் 19 உம் உட்தள்ளலால் 20 உமாகச் சில்லின் விளிம்பு 39 மி.மீ. வெளியே வந்துவிடும். தாழ்த்திய காரில் மட்காட்டின் மடிப்பு ரயரின் தோளுக்கு (மேற்பரப்பும் பக்கச்சுவரும் சேரும் விளிம்புக்கு) நேர் மேலே நிற்கும். பின்சீற்றில் மூவர் ஏறியதும் அந்த மடிப்பு ரயரைச் சீவும். மடிப்பைத் தட்டி மடக்கிவிடலாம் என்பார்கள். மடக்கும் இடத்தில் பெயின்ற் வெடிக்கும். நம் ஊரின் உப்புக் காற்றில் வெடிப்பு விழுந்த தகடு துருவாகாமல் தப்புவது அரிது. இதைவிடப் பாரதூரமானது, சில்லு வெளியே போகப் போகச் சில்லுப் பெயாரிங்கின் மீது நெம்புவிசை கூடுவதும், பிறேக் பிடிக்கும்போதும் குழியில் இறங்கும்போதும் ஸ்ரேரிங் கையை இழுப்பதும் ஆகும். 195/55 ரயருக்கு 5.5 முதல் 7 அங்குலம்வரை ரிம் அகலம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. 6 அல்லது 6.5 ஜே, இ.ரி. 40 முதல் 45 வரை உள்ளதைத் தேடுங்கள்.

ரிம்மைப் பூட்டும் துளைகள் நான்கும் 100 மி.மீ. வட்டத்தில் இருக்க வேண்டும். நான்கு துளை ரிம்மில் எதிரெதிர்த் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் தெரிந்துவிடும். 98 மி.மீ. ரிம்முக்கும் இதற்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. இறுக்கினால் ஸ்ரட் (நட்டு ஏறும் புரிக்கம்பி) சாய்ந்து நிற்கும். ரிம்மின் நடுத்துளைக்குள் புகும் உங்கள் காரின் நடுக்குடத்தின் விட்டம் 56.1 மி.மீ. வெளியில் விற்கும் ரிம்களின் நடுத்துளை பெரும்பாலும் இதைவிடப் பெரியது. இடைவெளியை நிரப்பும் வளையத்தையும் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் ஸ்ரேரிங் நடுங்கக்கூடும். நட்டுகளிலும் கவனம் வேண்டும். ஹொண்டாவின் சொந்த ரிம்முக்கு வரும் நட்டின் அடி உருண்டை வடிவம். வெளி ரிம்களிற் பெரும்பாலானவற்றுக்கு 60 பாகைக் கூம்பு வடிவம் வேண்டும். பழைய நட்டையே புதிய ரிம்மில் இறுக்கினால் இறுகியதுபோலத் தோன்றும். ஆனால் நட்டு ஒரு மெல்லிய வளையத்தை மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும், ஓட ஓடத் தளரும். கையால் சுழற்றும்போது குறைந்தது எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும். பூட்டி 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடியும் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது கட்டாயம்.

வாங்குவதற்கு முன் ஒரு சில்லை மட்டும் பூட்டிப் பார்க்கக் கடைக்காரரிடம் இடம் கேளுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். ஸ்ரேரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, உட்புறத்தில் ஷொக் அப்சோபருக்கும் கைகளுக்கும் ரயருக்கும் இடையில் சுண்டுவிரல் தாராளமாகப் போகிறதா என்று பாருங்கள். பின்னர் ரயரின் தோள்களில் வெண்கட்டியை அழுத்திப் பூசி, பெரியவர் நால்வரையும் பின்பெட்டியில் இரண்டு ஐம்பது கிலோ அரிசி மூட்டைகளையும் ஏற்றி, வேகத்தடை உள்ள வீதியில் மெதுவாக ஒரு சுற்று ஓடுங்கள். எங்கே வெண்கட்டி அழிந்திருக்கிறதோ, எங்கே மட்காட்டுக்குள் வெள்ளை ஒட்டியிருக்கிறதோ, அங்கேதான் நாளை ரயர் அறுபடும். எண்களைவிட இந்தச் சோதனையையே நான் நம்புகிறேன், ஏனெனில் 195 என்று ஒரே அளவு போட்ட இரண்டு நிறுவனங்களின் ரயர்கள்கூட உண்மையான அகலத்தில் சில மில்லிமீற்றர் வேறுபடும்; அதே ரயரும் ரிம் அரை அங்குலம் அகன்றால் 5 மி.மீ. அளவுக்கு விரிந்து நிற்கும்.

கடைசியாக, சில்லு நேர்ப்படுத்தல், அதாவது வீல் எலைன்மென்ற். உங்கள் வகைக் காரைத் தாழ்த்தும்போது சில்லின் மேற்பகுதி உட்பக்கம் சாய்கிறது, முன்நோக்கு விலகலும் (மேலிருந்து பார்க்கும்போது சில்லுகள் நேரே முன்னோக்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவும்) மாறிவிடுகிறது. சாய்வைவிட இந்த விலகலே ரயரை விரைவாகத் தின்னும். இதை நான் பட்டே அறிந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் எனது காரைத் தாழ்த்திக்கொடுத்த கராஜில் நேர்ப்படுத்தல் தேவையில்லை என்றார்கள்; நானும் கேட்டுக்கொண்டு ஏ 9 வீதியால் கொழும்புக்குப் போய்வந்தேன். வெளியே நின்று பார்க்க ரயர்கள் புதியவைபோலவே இருந்தன. திரும்பும் வழியில் கிளிநொச்சியில் காற்றுப் பார்க்க நிறுத்தியபோது, அங்கிருந்த முதியவர் குனிந்து உள்விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார். ரப்பர் தேய்ந்து வெளியே வந்த ரயரின் கம்பி விரலிற் குத்தியது. பின்சீற்றில் என் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை ஸ்ரேரிங்கைத் திருப்பிவைத்து உள்விளிம்பைக் கையால் தடவாமல் நான் இருப்பதில்லை. நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

கேள்வி: மகன் தனது தாழ்த்திய காரின் பின்பக்கத்துக்கு மட்டும் அகலமான ரயர் போட விரும்புகிறார். பாவித்த ரயர் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதாம். முன் சில்லு இழுக்கும் கார். வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: முன் சில்லு இழுக்கும் காரில் இழுவை, திருப்பம், பிறேக்கின் பெரும்பங்கு ஆகிய மூன்றும் முன் ரயர்களின் மேல்தான் விழுகின்றன. பின்பக்கத்தை மட்டும் அகலமாக்குவதால் கண்ணுக்கு ஒரு தோற்றம் கிடைக்கும். காருக்கு ஒன்றும் கிடைக்காது. நான்கும் ஒரே அளவு, கூடுமானால் ஒரே வகை என்று வையுங்கள். பணம் இரண்டுக்குத்தான் போதும் என்றால் பழையவற்றின் அதே அளவில் புதியவை இரண்டை வாங்கிப் பின்பக்கம் போடுங்கள். முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து மீளலாம். மழை வீதியில் பின்பக்கம் வழுக்கிய காரை மீட்க மிகுந்த தேர்ச்சி வேண்டும், அதை ஓர் இளைஞரிடம் எதிர்பார்க்க முடியாது.

பாவித்த ரயரை நான் பரிந்துரைப்பதில்லை. எப்படியும் வாங்குவதென்றால், பக்கச்சுவரில் டி.ஓ.ரி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்களை வாசியுங்கள். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்தது. பத்து ஆண்டுகள் கடந்ததைத் தேய்வே இல்லாவிட்டாலும் கழற்றிவிடுமாறு ரயர் நிறுவனங்கள் பல சொல்கின்றன. வெயிலில் நின்று காய்ந்த ரப்பருக்கு நான் ஆறு ஆண்டுக்கு மேல் கொடுக்க மாட்டேன். ரயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன் உட்புறத்தைப் பாருங்கள். தோளில் ஒட்டுப் போட்டிருந்தால் வேண்டாம். பள்ளங்களின் அடியில் உள்ள சிறு மேடுகள் 1.6 மி.மீ. உயரமானவை. மேற்பரப்பு அவற்றோடு சமமானால் ரயர் முடிந்துவிட்டது என்று பொருள். மாரிக்கு முன் 3 மி.மீ. ஆவது மிச்சம் இருக்க வேண்டும்.

கேள்வி: எனது காரில் 195/65 ஆர் 15. தாழ்த்தவில்லை. 17 அங்குலம் போட்டால் எந்த ரயர்?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: உங்கள் விட்டம் 634.5 மி.மீ. 225/45 ஆர் 17 க்கு 634 வரும்; 215/45 ஆர் 17 க்கு 625. கணக்கில் முதலாவது அச்சொட்டாகப் பொருந்தினாலும் 30 மி.மீ. அகலம் கூடுவதால் உட்புற இடைவெளியை அளக்காமல் வாங்க வேண்டாம். 205/55 ஆர் 16 ஐயும் நினைத்துப் பாருங்கள்: 632 மி.மீ., சுவரும் 113 மி.மீ. எனக்கென்றால் அதையே போடுவேன்.

கேள்வி: அலோய் ரிம் போட்டபின் இரண்டு கிழமைக்கு ஒருமுறை காற்று இறங்குகிறது. ஆணி எதுவும் இல்லை. நாள்தோறும் பண்ணைத் தாம்போதியால் போய்வருகிறேன்.
– வாசகர், வேலணை

பதில்: ரயரின் விளிம்பு ரிம்மில் அமரும் இடத்தில் அலுமினியம் உப்பேறி வெண்பொடியாகப் பூத்திருக்கும், காற்று அதன் ஊடாகக் கசிகிறது. ரயரைக் கழற்றி, அந்த இருக்கையைக் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியும்வரை துலக்கி, விளிம்பு அடைப்புப் பசை பூசி மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். வால்வையும் அப்போதே மாற்றிவிடுங்கள். கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் ரிம்மின் உட்பக்கத்தையும் கழுவுங்கள். அலுமினிய ரிம்மும் இரும்பு அச்சுமுகமும் உப்பால் ஒட்டிக்கொள்வதும் உண்டு. அதற்கு அச்சுமுகத்தில் மட்டும் மிக மெல்லியதாகச் செம்புக் கிறீஸ் தடவலாம், ஸ்ரட்டின் புரிகளில் அது படக்கூடாது.